இரண்டாவது பிரேக்

அஞ்சு ரோட்டுக்குப் பக்கத்தில்
மாடிப்படிக்குக் கீழே ஒரு மேசை, ஒரு காலண்டர்,
தலையில் மஞ்சள் போர்டு வைத்த பழைய மாருதி.
பதினாறு வருடமாக
பழகுகிறவர்களுக்கு இடப்பக்கம் உட்கார்ந்து
பிழைக்கிறேன்.

என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு.
அதை எப்போது மிதிக்கக் கூடாது என்பதுதான்
தொழில்.

கோரிமேட்டு ஏற்றத்தில்
வங்கிக் காசாளர் பெரியநாயகி
பதினோரு முறை வண்டியை அணைத்தார்.
பின்னால் லாரிக்காரன் என் வம்சத்தையே விசாரித்தான்.
"பரவால்லைங்க மேடம், மறுபடி சாவி போடுங்க" என்றேன்
பதினோரு முறையும்
ஒரே குரலில்.
நாலாயிரத்து ஐநூறு ரூபாய்க்குள்
அந்தக் குரலும் அடக்கம்.

வீட்டுக்கு அதை எடுத்துப் போவதில்லை.
வண்டிச் சாவியோடு ஆணியில் மாட்டிவிட்டுக்
கிளம்புவேன்.

மைத்துனன் சித்தேஸ்வரன்
செவ்வாய்ப்பேட்டை மண்டியில் கணக்கு எழுதுகிறவன்.
பேனாவில் திக்காதவன்.
வாயைத் திறந்தால்
முதல் எழுத்தின் வாசலிலேயே நின்றுவிடுவான்.
உதடு ஒட்டிக்கொள்ளும், இமை துடிக்கும்,
நான் குறுக்கே புகுந்து
முடித்துக் கொடுப்பேன்.
உதவி என்று நினைத்தேன்.
"அவனே சொல்லட்டுமே" என்பாள் பூங்கோதை.
"சாயங்காலம் ஆயிடும்" என்பேன்.
அவனும் சிரிப்பான்.
சிரிக்க எழுத்து தேவையில்லை.

ஆடியில் ஒரு விடிகாலை
கதவைத் தட்டினான்.
பொத்தான்கள் ஒன்று மாறிப் போட்டிருந்தன.
"ப்… ப்… ப்…"
என் கை சட்டைப் பைக்குப் போய்விட்டது.
"பணமா? இந்தா,
இப்போதைக்கு இவ்வளவுதான்."
ஐநூறு ரூபாய்த் தாளை
வேறு யாருக்கோ வந்த கடிதம் போலப் பார்த்தான்.
படியிறங்கிப் போனான்.

எட்டு மணிக்கு ஃபோன் வந்தது.
பெரியாஸ்பத்திரியில்,
மூன்றரை மணிக்கு,
பொண்ணு.

பூங்கோதை என்னிடம் எதுவும் கேட்கவில்லை.
ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது
ஃபிளாஸ்கை மட்டும்
கொஞ்சம் அழுத்தி மூடினாள்.

பேர் வைத்த அன்று
சர்க்கரைத் தட்டுக்கு அடியில்
அதே ஐநூறு, நாலாக மடித்து.

பங்குனியில் வந்து
ஒரு துண்டுச் சீட்டை நீட்டினான்:
"கார் பழகணும். ஃபீஸ் தந்துடறேன்."
அழகான கையெழுத்து.
என்னோடு பேசுவதை அவன் நிறுத்தி
எட்டு மாதம் ஆகியிருந்தது,
அந்தச் சீட்டைப் படித்தபோதுதான்
எனக்குத் தெரிந்தது.

கடைசிப் பாடம் ஏற்காட்டு மலை.
மண்டிக்கு விடுமுறை, ஞாயிறு அதிகாலை.
மூன்றாம் வளைவில் "க்…" என்றான்.
"கியர்தானே? ரெண்டுக்கு மாத்து."
ஏழாம் வளைவில் "க்… க்…"
"குரங்கு. பாத்துட்டேன். ஹாரன் அடிச்சிட்டுப் போ."
பதினொன்றில்
வாயைத் திறந்து, மூடிக்கொண்டான்.

பதினான்காம் வளைவு தாண்டி
வண்டியை ஓரம் கட்டினான்.
இண்டிகேட்டர், கியர், ஹேண்ட் பிரேக்
எல்லாம் நான் சொல்லிக் கொடுத்த வரிசையில்.
பிறகு என் பக்கம் முழுசாகத் திரும்பி
"க்…"

நாக்கில் க்யூ கட்டி நின்றன
கிளட்ச், கிறுகிறுப்பு, குமட்டல்,
குழந்தை, கடன், கோபம்.
காலை
பிரேக்கிலிருந்து எடுத்து
மேட் மேல் வைத்தேன்.
உதட்டைப் பல்லால் பிடித்துக்கொண்டேன்.

இறங்கி வந்த பஸ் ஒன்று
எங்களைத் தாண்டி
மூன்று வளைவு கீழே போய்ச் சேரும் வரை
சத்தம் கேட்டது.
மேலே எங்கோ காபி பூத்த வாசனை.
"க்… க்… க…"
அவன் கழுத்து நரம்பு புடைத்தது.
எனக்கு வியர்த்தது.
ஒரு எழுத்து இவ்வளவு நீளம் என்று
பக்கத்தில் உட்கார்ந்து
பார்த்ததில்லை.

"கதவு, மாமா.
உங்க பக்கத்துக் கதவு
சரியா சாத்தலை."

அடிவாரத்திலிருந்தே.
பள்ளமும் என் பக்கம்தான்.

திறந்தேன். இழுத்துச் சாத்தினேன்.
போலாமா என்று கேட்க வாயெடுத்தேன்.
அதற்குள் அவன்
அடுத்த வார்த்தையைத்
தொடங்கியிருந்தான்.